தொட்டிக்குள் சொன்னது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்ல எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். உறையைப் பிரித்ததும் எழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். ஆமாம், இது கீழ்வீட்டுத் தையல்காரர் எழுத்து இல்லை. அவர் எழுத்து துணிக்கு ஓரம் அடித்த மாதிரி கோணலும் மாணலுமாக ஓடுகிறது, பாதி புரியவில்லை என்று ஒரு தடவை சிரித்தாயே, அந்தக் குறை இனி இல்லை. இதை எழுதுவது உன் தம்பி. பட்டாளத்துக்குப் போகும் வரைக்கும் நம் வீட்டுக் கடிதம் எல்லாம் அவன்தானே எழுதினான், அதே முத்து முத்தான எழுத்துதான், இப்போது கொஞ்சம் அழுத்தி எழுதுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். ஆசைப்பட்டு எழுத வந்தான் என்று எண்ணி மகிழ்ந்துவிடாதே. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். "என்னைப் பத்தி இனிமே யார்கிட்ட எதைச் சொல்றதா இருந்தாலும் என் முன்னாடி சொல்லுங்க, இல்லேன்னா சொல்லவே சொல்லாதீங்க" என்றான். உனக்கோ எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், ஃபோனில் எனக்குக் காது கேட்பதில்லை, உன் அம்மா பேச எடுத்தால் பாதியில் அழுதுவிடுகிறாள். அப்படியானால் நீயே உட்கார்ந்து எழுது என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம், வாசல் கதவு கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த வரியையும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிவிட்டான் பார்.

முதலில் உன் விஷயம். சனி ஞாயிறுகளிலும் ஏதோ பெட்டி கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறாயாம், தம்பி வைத்தியத்துக்குப் பணம் அனுப்பத்தான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வாரம் முழுக்க முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இரண்டு நாளும் நின்றபடி பெட்டி கட்டினால் உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? குட்டிப்பெண் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்? உன் அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படிகளுக்கு வாய் இருந்தால் திருப்பித் திட்டும். அந்த வலியை நீ இந்த வயதிலேயே வாங்கிக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அந்த வேலையைப் பற்றி முடிவு செய். நான் விடு என்று அடித்துச் சொல்ல முடியாத நிலைமையில் இருக்கிறேன், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

தம்பி தானாக வேலையை விட்டுவிட்டான் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். விட்டான் என்பது நாங்கள் மரியாதைக்குச் சொன்னது, நிறுத்திவிட்டார்கள். ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினான் அல்லவா, கடை கடையாக ரொட்டி இறக்குகிற வேலை, நேரத்துக்குப் போக வேண்டும். இவன் சாலையோரத்தில் யார் கையைத் தூக்கினாலும் வண்டியை நிறுத்திவிடுவான். பஸ்ஸுக்குக் கை காட்டினவனுக்கு நிறுத்தினான், எதிர்ப்பக்கம் இருந்த கூட்டாளியைப் பார்த்துக் கையசைத்த பள்ளிக்கூடப் பையனுக்கு நிறுத்தினான், ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குக்கூட நிறுத்தினான். நிறுத்தினால் சும்மா இருக்க மாட்டான், இறங்கிப் போய் "என்ன வேணும், என்ன ஆச்சு" என்று கேட்பான். கேட்டுவிட்டு அவர்கள் ஒன்றும் இல்லை என்றாலும் நகர மாட்டான். கம்பெனி மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் சிரித்தேன். "உங்க பையன் ரொம்ப நல்லவர் ஐயா, ரொட்டி வேன் ஓட்ட அவ்வளவு நல்லவர் வேண்டாம்" என்றார் அவர். இரக்கக் குணம் ஜாஸ்தியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது என்ன என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

வேலை போய் வீட்டில் இருந்தபோதுதான் அவன் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று தெரிந்தது, அதற்குப் பிறகுதான் மனசு டாக்டரைத் தேட ஆரம்பித்தோம். நீ எழுதியிருந்த பெரிய இடத்துக்குத்தான் முதலில் போனோம், கண்ணாடி போட்ட கட்டடம், உள்ளே மீன் தொட்டி, நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு மெத்தை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தங்கமாகத்தான் பேசினாள், பேசிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகை சொன்னாள், அந்தப் பணத்தில் நம் வீட்டு அடுப்பு ஒரு மாதம் எரியும். எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று கேட்டேன், அது ஆளைப் பொறுத்தது, பேக்கேஜாக எடுத்தால் குறையும் என்றாள். உன் அம்மா, "பேக்கேஜ்னா என்னம்மா, பெட்டியில போட்டு வீட்டுக்குத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். உன் தம்பி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டோம், தெருமுனைக்கு வந்ததும் மூன்று பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்தது பட்டாளத்துக்காரர்களுக்கென்றே இருக்கிற அலுவலகம். அங்கே இலவசம் என்றார்கள், இலவசம் வாங்குவதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று போன பிறகுதான் தெரிந்தது. சேவையில் இருந்தபோதே இந்த நோய் வந்தது என்று பட்டாளத்து டாக்டர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டுமாம். இவன் அங்கே யாரிடமும் வாயே திறக்கவில்லை, திறந்திருந்தால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்திருக்கும். கவுன்டரில் இருந்தவர் இவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு நல்லா தெரியுது, அப்புறம் என்னப்பா காயம்?" என்றார். உன் தம்பி, "இல்லாததைக் காட்டினாத்தான் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டான். பின்னால் வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள், அவர்களில் ஒருத்தருக்கு ஒரு கை இல்லை, அவர்தான் பலமாகச் சிரித்தார். அவசர உதவிக்கு ஒரு ஃபோன் நம்பர் கொடுத்தார்கள். தையல்காரர் ஃபோனில் எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்து அடித்தால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு அம்மா சொல்கிறாள், பிறகு ஒரு இசை வருகிறது, பிறகு மறுபடியும் முக்கியம் என்கிறாள். அந்த இசையை நான் இப்போதும் விசிலடிப்பேன், அவ்வளவு நேரம் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் வழி காட்டியது நம் ஜெனரல்தான். ஜெனரல் யார் என்று கேட்பாய், துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறாரே, அவர். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து வெங்காயம் உரித்தவர், அவர் வாயால் கேட்டால் படையையே அவர்தான் நடத்தினார், அதனால் அந்தப் பெயர். அவரே ஒரு நாள் லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க முடியாமல் நடுங்கிக்கொண்டு நின்றாராம், அதற்குப் பிறகு போக ஆரம்பித்தாராம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கிற கட்டடத்துக்கு மேல்மாடியில், மனசு வைத்தியம் படிக்கிறவர்கள் பழகுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. படிக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள், மேலே ஒரு மூத்த டாக்டரம்மா கண்காணிப்பார். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு, அவரவரால் முடிந்ததை வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டால் போதும். "பயலுக படிக்கிற பயலுகதான், ஆனா காது நல்ல காது" என்றார் ஜெனரல். ஒரே ஒரு சட்டம். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுவார்கள், தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் அந்த இடம் வெளியே காத்திருக்கிறவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் நிறைய. நாங்களும் மழைக்கு முன்னால் பெயர் கொடுத்து மழை முழுக்க முடிந்த பிறகுதான் இடம் வாங்கினோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு. பார்க்கிற பெண்ணுக்கு உன்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும், கண்ணாடி போட்டிருப்பாள், மூக்கிலிருந்து அது நழுவிக்கொண்டே இருக்கும், பேசும்போது தள்ளிவிட்டுக்கொள்வாள். உன் தம்பி போனான், வந்தான், போனான், வந்தான். என்னடா பேசினே என்று கேட்டால் ஒன்றும் பேசவில்லை என்பான். ஒரு மணி நேரமும் கீழே துணி மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவானாம், அவளும் உட்கார்ந்திருப்பாளாம். உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பேசாம உக்கார்றதுக்கு நம்ம வீட்டுலயே எடமிருக்கே, பஸ் காசாவது மிஞ்சும்" என்றாள். நான்தான் அவளை அடக்கினேன். போகிறானே, அது போதும் என்று இருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம்.

நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். வாடகையில் வீட்டுக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார் என்பதற்காக அதைக் கழுவுவது நம் பொறுப்பு. எனக்கு இப்போது உள்ளே இறங்க முடிவதில்லை, தம்பி இறங்கித் தேய்ப்பான், நான் மேலே உட்கார்ந்து வாளியை இறக்கி ஏற்றுவேன். போன மாதம் ஒரு பகல் பொழுதில் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயை விட உள்ளே அகலமான தொட்டி, மேலிருந்து பார்த்தால் அவன் தலைகூடத் தெரியாது, பிரஷ் சத்தம் மட்டும்தான் வரும். திடீரென்று பிரஷ் சத்தம் நின்றது. "அப்பா, இருக்கீங்களா?" என்றான். இருக்கேன்டா என்றேன். "எட்டிப் பாக்காதீங்க, நான் ஒண்ணு சொல்றேன்" என்றான். சொன்னான். நான் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். முழுவதும் சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான். கீழே வந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

என்ன சொன்னான் என்பதை உனக்கு எழுதலாமா என்று இப்போது அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சுருக்கமாச் சொல்லுங்க, எழுதறேன்" என்றான். சுருக்கம் இதுதான். லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, இவன் ஓட்டியது இரண்டாவது. முன்னால் போனது வெடித்தது. அதிலிருந்து தெறித்து விழுந்தவன் சாலையோரத்தில் கிடந்து கையைத் தூக்கினான், இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பையன். நிற்காமல் போ என்று உத்தரவு. இவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கை இன்னும் தூக்கியபடியே இருந்ததாம். ரொட்டி வேனை ஏன் ஒவ்வொரு கைக்கும் நிறுத்தினான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். எழுத்து தெரியாதவனுக்கு எல்லாம் தலைக்குள்தான் இருந்தாக வேண்டும். பஸ் டிப்போவில் டயர் மாற்றிய காலத்தில் எந்த வண்டியின் எந்தச் சக்கரம் எந்த மழைக்கு மாற்றியது என்று கேட்டால் நின்ற இடத்தில் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன், யாருக்கும் அது வேண்டியதில்லை. "உங்கப்பாகிட்ட வாயைக் குடுத்தா கல்வெட்டு மாதிரிடா, அழிக்கவே முடியாது" என்று அம்மா சொல்லிக் காட்டுவாளே. தொட்டிக்குள்ளிருந்து வந்த பேச்சும் அப்படியே என் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது, எந்த வார்த்தைக்குப் பிறகு இருமினான், எங்கே மூச்சு வாங்கினான் என்பது உட்பட.

அந்த வாரம் வியாழக்கிழமை இவன் போக மாட்டேன் என்று படுத்துவிட்டான். எனக்குப் பதறியது, இடம் போய்விடுமே. மழையெல்லாம் காத்திருந்து வாங்கிய இடம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அவளா டாக்டரிடம் போகிறாள்? நான்தானே போய், எங்கே வலிக்கிறது எப்படி வலிக்கிறது என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன். அப்படித்தானே இதுவும் என்று தோன்றியது. பையனுக்குச் சொல்ல வரவில்லை, எனக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரியும், நாம் போய்ச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் மருந்து எதுவோ அதைச் சொல்லிவிடுவாள், பையனும் பிழைத்தான், நேரமும் வீணாகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உள்ளே போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் அவர் எங்கே என்றாள். அவன் வரவில்லை, விஷயம் என்னிடம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "ஐயா, கொஞ்சம் இருங்க, அவர் உங்களைச் சொல்லச் சொன்னாரா?" என்று இரண்டு மூன்று தடவை கையைக் காட்டினாள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் நிறுத்தவில்லை. முதலிலிருந்து கடைசி வரை, அவன் சொன்ன வரிசையிலேயே, அவன் இருமிய இடத்தில் நானும் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். முடித்ததும் கனமான மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போ என்ன மருந்தும்மா என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "ஐயா, எனக்குக் கதை தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்லீங்க. அவர் வாயால அவர் சொல்லணும், சொல்றப்ப பக்கத்துல ஒரு ஆள் ஓடிப்போகாம உக்காந்திருக்கணும். அதுதாங்க மருந்து. அதுக்குத்தான் நான் இத்தனை வாரம் சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் உண்மை. படிக்கிற பெண்தானே, பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டால் மருந்து தெரியும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சந்தோஷமாகவே சொன்னேன், வேலை முடிந்ததடா, எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன், நீ கஷ்டப்பட வேண்டாம் என்று. செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைக் கீழே வைத்தான். "எல்லாத்தையுமா?" என்றான். ஒன்று விடாமல் என்றேன். "நான் உங்ககிட்டதானப்பா சொன்னேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். எழுந்து போய் மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. உன் அம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை, தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

அடுத்த வியாழனும் அவன் போகவில்லை. நான் போனது அவன் கணக்கில் சேராதாம், ஆக இரண்டு வாரம் ஆகிவிட்டது. இடம் போக வேண்டியதுதான் சட்டம். அந்தப் பெண்ணே கீழ்வீட்டுத் தையல்காரர் ஃபோனுக்குக் கூப்பிட்டு, தப்பு அவர் பேரில் இல்லை என்று டாக்டரம்மாவிடம் பேசியிருக்கிறேன், இந்த ஒரு வியாழன் வரைக்கும்தான் வைத்திருக்க முடியும் என்று உன் அம்மாவிடம் சொன்னாள். அந்த வியாழன் நாளைக்கு. இதில் அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. காத்திருக்கிறவரை நான் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்சாதியோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், உள்ளே இருந்து யாராவது வெளியே வந்தால் அந்த அம்மா எழுந்து நின்றுவிடுவாள், இனிமேல் வர மாட்டார்களோ என்று முகத்தைப் பார்ப்பாள். பிறகு உட்கார்ந்துவிடுவாள். எங்களைத் தள்ளிவிட்டு இவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றும், பெற்ற மனசு விடாது. நாளைக்கு இவன் போகாவிட்டால் மறுபடியும் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மீன் தொட்டி வைத்த இடம்தான். அதற்கு உன் சனி ஞாயிறுதான் போக வேண்டும். உனக்கு வேலையை விடு என்று சொல்ல முடியாமல் நிற்பது இதனால்தான் கண்ணு.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் அவன் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கை இப்போது எனக்கும் தெரிகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் வெளியே கையைத் தூக்குகிறவர்களைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொள்கிறேன். கேட்டதை எல்லாம் வைத்துக்கொள்கிற தலை இது, இதை மட்டும் வெளியே தள்ளு என்றால் தள்ளத் தெரியவில்லை. நான் பார்த்ததுகூட இல்லை, தொட்டிக்கு மேலே உட்கார்ந்து கேட்டவன்தான். கேட்டவனுக்கே இப்படி என்றால் ஓட்டிக்கொண்டு போனவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இதைச் சொன்னதும் உன் தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டான். எழுதுடா என்றேன். எழுதவில்லை. "அப்பா, நீங்க அவகிட்ட சொன்னதுல ஒரு எடம் தப்பு" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமானால் இப்போது திருப்பிச் சொல்கிறேன், ஒரு வார்த்தை மாறினால் கேள் என்றேன். "நீங்க மாத்தலப்பா. நான் தொட்டிக்குள்ள சொன்னதே முழுசு இல்ல. உத்தரவு வந்துச்சுன்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தான். அந்த இடத்தில் அவன் குரல் தடுக்கியது எனக்கு அன்றைக்கே தெரியும் மகளே, தொட்டிக்குள் எதிரொலி அடிக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். சட்டென்று கையை நீட்டி அவன் வாயைப் பொத்திவிட்டேன். வேண்டாம்டா, என்கிட்ட வேண்டாம், அங்கே சொல்லு என்றேன். யாராவது ஒன்று சொல்ல வந்து நான் வேண்டாம் என்றது என் ஆயுசிலேயே இதுதான் முதல் தடவை. என் கையை எடுத்துக் கீழே வைத்தான், முரட்டுத்தனமாக இல்லை. "சரி, அவகிட்ட சொல்றேன். நாளைக்குப் போறேன். நீங்க வராதீங்க" என்றான். வரவில்லை என்றேன். "பெஞ்சு வரைக்கும்கூட" என்றான். சரிடா என்றேன். பிறகு நான் தண்ணீர் குடிக்கப் போனேன், கொஞ்ச நேரம் எழுத்து நின்றது.

போகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறான். போனாலும் பேசுவானா, பேசினாலும் தீருமா, எனக்குத் தெரியாது. ஜெனரலைக் கேட்டேன், "தீராதுண்ணே, பழகும்" என்றார். மூன்று வருஷமாகப் போகிறவர், இன்னும் ஒரு ஆளாவது கூட ஏறினால்தான் லிஃப்டை ஓட்டுகிறார். அதனால் நீ பெரிதாக எதிர்பார்க்காதே. ஃபோனில் கூப்பிட்டால் அவனிடம் போனியா, என்ன சொன்னே என்று கேட்காதே, எப்படி இருக்கே என்றுகூடக் கேட்க வேண்டாம், அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே களைத்துப்போகிறான். உன் பக்கத்து விஷயம் சொல்லு, குட்டிப்பெண்ணுக்குப் பல் விழுந்ததா, மாப்பிள்ளை சைக்கிளை மறுபடியும் எங்கே தொலைத்தார், அந்த மாதிரி. உன் பெட்டி கட்டுகிற வேலையை விட வேண்டுமா இல்லையா என்று நான் இப்போது சொல்லவில்லை, இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருகிற நாள் பார்த்து தையல்காரர் ஃபோனிலிருந்து தம்பியே கூப்பிடுவான், ஒதுக்கிய இடம் இருக்கிறதா போய்விட்டதா என்பதை அவனே சொல்லட்டும். அவன் விஷயத்தை நான் இனிமேல் தூக்கிக்கொண்டு ஓட மாட்டேன். மழையில் நனையாதே, சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு. நீ நல்லா இருக்கணும், உன் வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கணும், பிள்ளைக்கு நல்ல தூக்கம் வரணும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்துக்குப் பதில், எப்போதும்போல அப்பா கையால் போட்ட வட்டம்)

அக்கா, எழுதியவன் நான். அப்பா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை, எனக்குப் பிடிக்காததைக்கூட. ஒரு இடத்தில் மட்டும் அவர் சொன்னது சரியில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. வாசல் கதவுக்கு வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். இதை உனக்கு எழுதியிருக்கிறேன் என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். சரி, உறையை ஒட்டு என்றார்.